கேபிளை அகற்ற மறுத்த மைக் அக்கா

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள கரையில் டாக்டர் எச்சரிக்கையை மீறியவர்கள் உண்டு, போலீஸ் எச்சரிக்கையை மீறியவர்கள் உண்டு, மனைவியின் எச்சரிக்கையை மீறிவிட்டு அன்று வீட்டுக்குப் போகாதவர்களும் உண்டு. ஆனால் ஒரு செல்போனின் எச்சரிக்கையை எதிர்த்து வருடக்கணக்கில் நின்று, அதோடு தினமும் நேருக்கு நேர் வாய்ச்சண்டை போட்டு, ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காதவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மைக் அக்கா.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுகிறவர். அவருடைய இயற்பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எடுத்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு வந்ததில்லை. மைக் என்ற பெயர் வந்ததற்குக் காரணம், அவர் வாழ்க்கையில் ஒருமுறைகூட மைக்கைத் தொட்டதில்லை என்பதுதான். விடியற்காலையில் அவர் வஞ்சரத்துக்கு ஏலம் ஆரம்பித்தால், வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் முதல் ரயிலுக்கு நிற்பவர்கள் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பார்கள் என்று சொல்வதுண்டு. நான் போய்ச் சரிபார்க்கவில்லை. நான் சரிபார்த்தது இவ்வளவுதான்: அவருடைய வீட்டு மாடியில் மூன்று வருடம் குடியிருந்தேன், அந்த மூன்று வருடமும் அலாரம் வைத்ததில்லை. வேலைக்குக் கிளம்பும்போது அவர் தன் செருப்பு எங்கே என்று கேட்பார். தெருவே எழுந்துகொள்ளும்.

அப்போது நான் ஒரு நாளிதழில் துறைமுகச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் அக்காவுக்கு நான் "பேப்பரு". என் பெயரை அவர் கேட்டுக்கொண்டதில்லை. அந்த வகையில் கணக்கு நேராகிவிட்டது.

நான்கு விசைப்படகுகள் அவர் வழியாகத்தான் மீன் விற்றன. ஒரு படகு கடலுக்குப் போனால் வருவதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நடுக்கடலில் போன் வேலை செய்யாது. திரும்பி வரும்போது, கரை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே போனில் டவர் வந்துவிடும். அந்த நிமிடம் படகிலிருந்து முதல் அழைப்பு யாருக்குப் போக வேண்டும் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. மனைவிக்கு அல்ல, படகு முதலாளிக்கும் அல்ல. மைக் அக்காவுக்கு. என்ன மீன், எத்தனை கூடை, ஐஸ் எவ்வளவு வேண்டும் என்று அவரிடம் சொன்னால், படகு வந்து சேரும்போது ஐஸும் ஆளும் வியாபாரியும் கரையில் நிற்பார்கள். நான்கு படகுகளிலும் ஓட்டுகிறவர் அறையின் சுவரில் அக்காவின் எண் பெயிண்ட்டால் எழுதப்பட்டிருந்தது. சாமி படத்துக்குக் கீழே, லைஃப் ஜாக்கெட்டுக்கு மேலே.

எனவே அக்காவின் போன் அணைந்ததே இல்லை. முதலில் வைத்திருந்த பட்டன் போன் இரண்டு தடவை துறைமுகத் தண்ணீரில் விழுந்தது. ஒரு தடவை சங்கரா மீன்களோடு ஐஸ் பெட்டியில் ஒரு நாள் முழுக்கக் கிடந்து, மூடியைத் திறந்தபோது ஒலித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து, அதன் மேலிருந்த ஐஸைத் துடைத்துவிட்டு, "சொல்லு" என்றாராம்.

வந்தது கேடு ஸ்மார்ட்போன் ரூபத்தில். வியாபாரிகள் மீனை போட்டோவில் பார்க்க ஆசைப்பட்டார்கள். நான்கு படகுகளில் ஒன்றை ஓட்டுகிற அவருடைய தம்பி தேசப்பன் ஒரு புது போனை வாங்கிக் கொடுத்தார். அக்காவுக்குப் படிக்க வசதியாக அதைத் தமிழில் பேச வைத்ததும் அவர்தான். அதுதான் பிரச்சினையாகிவிட்டது. ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அக்கா கண்டுகொண்டிருக்கவே மாட்டார்.

ஒரு மார்ச் மாதக் காலை. ஏலம் முடிந்து வந்த அக்கா, ஐஸ் கையோடு சார்ஜரைச் செருகினார். போன் வீறிட்டது. மாடிப்படியின் அடியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. இறங்கிப் போனேன். திரையில் ஒரு நீர்த்துளி படம். அதன் கீழே: "சார்ஜிங் போர்ட்டில் ஈரப்பதம் கண்டறியப்பட்டது. கேபிளை அகற்றவும்."

"யாரு கண்டறிஞ்சது?" என்றார் அக்கா.

"போன்தான் அக்கா."

"காத்தால மூணு மணிலேர்ந்து என் இடுப்புலதான கீது. அப்பல்லாம் வாய மூடிகினு இருந்துட்டு, துண்ண உக்காந்ததும் ஈரம்னுதா?"

துணியால் துடைத்தார். ஊதினார். மறுபடி செருகினார். போன் மறுபடி வீறிட்டது. கொஞ்ச நேரம் காய விட்டால் சரியாகிவிடும் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நான் போனின் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்ற தீர்மானம் தெரிந்தது.

அன்று ஆரம்பித்த சண்டை. அக்கா ஒரு முறையைக் கண்டுபிடித்தார். ஏலத்தில் செய்வது போலவே, கேபிளைச் செருகி "ஒரு தரம்" என்பார். போன் கத்தும். பிடுங்கிச் செருகி "ரெண்டு தரம்". மறுபடி கத்தும். "மூணு தரம்." இப்படிப் பத்துச் சுற்று, பதினைந்து சுற்று போனால், எங்கோ ஒரு சுற்றில் போன் அலுத்துப்போய் சார்ஜ் ஏற ஆரம்பிக்கும். அக்கா சுற்றிலும் இருப்பவர்களைப் பார்த்து, வியாபாரம் படிந்தது என்பது போலத் தலையாட்டுவார். மாடியில் நான் செய்தி எழுதிக்கொண்டிருப்பேன். கீழே ஒரு தரம், ரெண்டு தரம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் கப்பல் வருகைப் பட்டியலில் ஒரே கப்பலை மூன்று தரம் எழுதி அனுப்பிவிட்டேன்.

ஊர் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னது. தெருமுனை மளிகைக் கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் மிக மரியாதையாகச் சொன்னார்: "ஒரு டப்பால அரிசியப் போட்டு அதுக்குள்ள வச்சிருங்க தாயி. ஈரத்த அப்படியே உறிஞ்சிரும்லா."

அக்கா யோசித்தார். "ஏன் அண்ணாச்சி, இத்தினி வருசமா கருவாடு விக்கறவ கைல கருவாடு வாங்கித் துண்றியே. எந்தக் கருவாட்டையாவது அரிசில போட்டுக் காய வெச்சிப் பாத்துகீறியா?"

அண்ணாச்சி அதற்குப் பிறகு போன் விஷயத்தில் கருத்துச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

அடுத்தது காற்று. நெட்டுக்குப்பத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகும்போது, ஷேர் ஆட்டோவின் வெளியே கையை நீட்டி, போனின் வாய் காற்றைப் பார்க்கும்படி எண்ணூர் வரை பிடித்துக்கொண்டே போனார். வலது பக்கம் முழுக்கக் கடல். எதிரே வந்த லாரிக்காரர்கள், ஆட்டோ திரும்பப் போகிறது என்று நினைத்து எட்டு இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். தங்கை வீட்டில் செருகிப் பார்த்தபோது, போன் முன்பைவிடச் சத்தமாகக் கத்தியதாக அக்கா சத்தியம் செய்தார்.

பிறகு வெயில். மொட்டை மாடியில் வாளைக் கருவாடு தொங்கும் கொடியில், இரண்டு வாளைக்கு நடுவே, போனைத் துணி கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டார். நான் காவல். போனில் மீன் வாசனை அடித்ததால், ஒரு காகம் இரண்டு வாளையையும் விட்டுவிட்டு நேராகப் போனைக் கொத்தியது. கொத்திய இடத்தில் யாருக்கோ அழைப்பு போய்விட்டது. எதிர்முனையில் ஒரு மொத்த வியாபாரி "சொல்லுக்கா, சொல்லுக்கா" என்று இரண்டு நிமிடம் காகத்தோடு பேசினார். அன்று இறால் வந்திருக்கிறது என்று அவராகவே முடிவு செய்து, வண்டியோடு வந்து நின்றார்.

கடைசியில் நான்தான் அவரைக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு அழைத்துப் போனேன். அது என் யோசனை. அதற்கான முழுப் பொறுப்பையும் இப்போதும் ஏற்கிறேன். குளிரூட்டிய கூடம், டோக்கன், நாற்காலி. கவுன்ட்டரில் இருந்தவர் கழுத்தில் அட்டை மாட்டியிருந்தார். போனை உள்ளே எடுத்துக்கொண்டு போய், கால் மணி நேரம் கழித்து வந்து, உள்ளே ஒரு சின்னப் பட்டி இருக்கிறது, ஈரம் பட்டால் சிவப்பாகிவிடும், இதில் சிவப்பாகியிருக்கிறது, ஆகவே வாரன்ட்டி கிடையாது என்றார்.

"என்னத் தொறந்து பாத்தாலும் உள்ள செவப்பாத்தான் இருக்கும்" என்றார் அக்கா. "அத்தொட்டு நான் கெட்டுப் பூட்டேன்னு அர்த்தமா?"

கவுன்ட்டர்காரர் பொறுமைசாலி. ஈரமில்லாத இடத்தில் வைத்துப் பயன்படுத்துங்கள் மேடம் என்றார்.

"ஈரமில்லாத எடம் எங்க கீது? புழல் செயில்லயா? அங்கயும் பக்கத்துல ஏரி கீது நைனா."

பிறகு அக்கா செய்தது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது, ஏனென்றால் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். போனைக் கையில் எடுத்தார். கூடத்தின் நடுவில் போய் நின்றார். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். துறைமுகத்தில் வியாபாரிகள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அதே வழக்கப்படி, கையை வைத்துப் பார்த்து ஈரமா காய்ந்திருக்கிறதா என்று சொல்லும்படி கூடத்திலிருந்தவர்களைக் கேட்டார். கேட்டார் என்பது நாகரிகமான சொல். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. டோக்கன் இயந்திரம் தானாக ஒரு சீட்டைத் துப்பியது. பன்னிரண்டு பேர் எழுந்து வரிசையில் வந்து போனைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் மோந்தும் பார்த்தார். பன்னிரண்டு பேரும் காய்ந்திருக்கிறது என்றார்கள்.

அக்கா கவுன்ட்டருக்குத் திரும்பினார். "பன்னெண்டு பேரு காஞ்சிகீதுன்றான். உன் ஒத்தப் பட்டி மட்டும் செவப்புன்னுது. யாரு பேச்ச நான் கேக்கறது?"

தீர்ப்பு அக்காவுக்குச் சாதகம். போன் மட்டும் மேல்முறையீடு செய்தது. வீட்டுக்கு வந்து செருகியதும் வீறிட்டது.

கோடையில் இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் பெருகுவதற்கான தடைக்காலம். கரையில் வலை பின்னுவார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், கடலிலிருந்து போன் வராது. போனை ஒழுங்காகக் கவனிக்க இதுதான் சமயம் என்று அக்கா முடிவு செய்தார். அரிசி, காற்று, வெயில் எல்லாம் கரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் வைத்தியம். மீனிலிருந்து தண்ணீரை எடுப்பது எது? உப்பு. சுறாவையே ஒரே நாளில் மரக்கட்டை ஆக்குகிற உப்புக்கு, இந்த உள்ளங்கை அகலப் போன் எம்மாத்திரம்?

கருவாட்டுக்கு உப்புப் போடும் பெரிய ஜாடியில், கீழே ஒரு படி கல்லுப்பு, நடுவில் போன், மேலே ஒரு படி கல்லுப்பு. போனை அணைக்கவில்லை, ஏனென்றால் அவர் போனை அணைப்பதில்லை. அன்று மாலை வாடகை விஷயமாகக் கீழே போனேன். பேசிக்கொண்டிருந்தபோது ஜாடி ஒலித்தது. அக்கா கையை முழங்கை வரை உள்ளே விட்டு, உப்பு உதிர உதிரப் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"சீக்கிரம் பேசு. உப்புல போட்டுகீறேன்."

மூன்று நாள் ஊறியது. நான்காம் நாள் எடுத்து, தட்டி, செருகினார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அன்று நாற்பது சுற்று போயும் போன் படியவில்லை. அதுவரை எப்போதாவது அலுத்துப்போய் ஒப்புக்கொண்ட போன், உப்புக்குப் பிறகு அக்கா கையில் அலுப்பதையே விட்டுவிட்டது. அண்டை வீடுகளில் யார் கை பட்டால் போன் ஏற்கிறது என்று பார்த்து, அவர்களை அழைத்துச் செருகச் சொல்லித்தான் தடைக்காலத்தின் மீதி நாட்களை ஓட்டினார். போன் பத்து சதவீதத்துக்கும் இருபது சதவீதத்துக்கும் நடுவில் உயிரோடு இருந்தது.

தடை முடிந்தது. நான்கு படகுகளும் கடலுக்குப் போயின. இரண்டு நாள் கழித்து அக்காவை வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே படிக்கட்டுக்கு அடியில் மேசை போட்டு போன் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். முன்பு கைக்கடிகாரம் பார்த்தவர். கண்ணில் கடிகாரக்காரரின் லென்ஸ் இன்னும் இருந்தது. எல்லோரும் லென்ஸ் பாய் என்பார்கள். அவர் போனின் வாயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல தண்ணி இல்லம்மா. உப்பு கீது. கடல் காத்துல சேர்ந்தது கொஞ்சம், ஆனா இது..." மறுபடி பார்த்தார். "இது யாரோ கரண்டில போட்ட மாதிரி கீது. உப்பு உள்ள இருக்கற வரைக்கும் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துகினே இருக்கும். போன் பொய் சொல்லல."

நான் சுவரைப் பார்த்தேன். மைக் அக்கா பேசாமல் நின்றதை முதலும் கடைசியுமாக அங்கேதான் பார்த்தேன். சுமார் நான்கு வினாடி இருக்கும்.

"உப்பு அதோட வேலையத்தான் செஞ்சிகீது" என்றார். "போன்தான் மீன் மாதிரி நடந்துக்கல."

ஒரு நாள் போனை விட்டுப் போனால் பிரித்துக் கழுவிக் காயவைத்துத் தருகிறேன் என்றார் பாய். படகுகள் கடலில் இருக்கின்றன, அவை வந்த பிறகுதான் என்றார் அக்கா. அப்படியானால் ஒரு வழி இருக்கிறது, போனை முழுசாக அணைத்துவிட்டுச் செருகுங்கள், அணைந்திருக்கும்போது ஈரம் பார்க்கிற புத்தி அதற்கு இருக்காது, சார்ஜ் ஏறிவிடும் என்று பாய் சொன்னார். அக்கா போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தப் பேச்சே வேண்டாம் என்பது அதன் பொருள்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. தடைக்குப் பிறகு வரும் முதல் மீனைப் பற்றி எழுத மத்தியானமே துறைமுகத்துக்குப் போயிருந்தேன். அக்காவின் நான்கு படகுகளில் மூன்று வந்துவிட்டன. தேசப்பனின் படகு மட்டும் வரவில்லை. அதில் அவரையும் சேர்த்து எட்டுப் பேர். மற்ற மூன்றோடு சேர்ந்து திரும்பக் கிளம்பியதாம், பன்னிரண்டு மணிக்கே வரவேண்டியது. இரண்டு மணிக்கு எண்ணூர் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வானம் கறுத்தது. மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. கரையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. திரும்பி வந்தவர்களில் யாரும் காலையிலிருந்து அந்தப் படகைப் பார்க்கவில்லை.

அக்கா ஐஸ் டிப்போவின் வாசலில், சுவரிலிருந்த பிளக்குக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். போனில் மூன்று சதவீதம். ஒரு தரம். வீறிட்டது. ரெண்டு தரம். வீறிட்டது. தூறல் வேறு ஆரம்பித்துவிட்டது. கேபிளை அகற்றவும், கேபிளை அகற்றவும் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. அக்கா அகற்றவில்லை. சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

பாய் சொன்னதை நினைவுபடுத்தினேன். ஒரு அரை மணி நேரம் அணைத்துச் செருகினால் போதும் என்றேன்.

"மாட்டேன்."

"இல்லன்னா அதுவே அணைஞ்சிடும் அக்கா."

"அதுவா செத்தா அது தலையெழுத்து. நானா ஆப் பண்ண மாட்டேன்." திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "டவர் வந்ததும் அவன் மொத அடி எனக்குத்தான் அடிப்பான். இந்தக் காத்துல, இந்த இருட்டுல. அது ஆப்புன்னு சொன்னா இன்னா நெனைப்பான்? கரைல யாரும் இல்லன்னுதான நெனைப்பான்?"

மூன்று சதவீதம் இரண்டானது. அக்கா அப்போதுதான் நிமிர்ந்து, என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"பேப்பரு. உன் போன்ல எவ்ளோ கீது?"

அறுபத்திரண்டு சதவீதம் என்றேன்.

எழுந்தார். தன் போனையும் கேபிளையும் என் கையில் கொடுத்துவிட்டு, புடவையை முட்டி வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கரையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு படகில் கயிற்றைப் பிடித்து ஏறினார். ஓட்டுகிறவர் அறைக்குள் வயர்லெஸ் செட் இருந்தது. கரையிலிருந்து பேசினால் பக்கத்துப் படகுகளுக்குக் கேட்கும், அவை அடுத்த படகுகளுக்குச் சொல்லும், இப்படிக் கைமாறிப் போகும். படகுக்காரர் செட்டைப் போட்டு, மைக்கை எடுத்து நீட்டினார்.

அக்கா அதைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மைக்கைக் கையில் வாங்கினார். எந்தப் பக்கம் பேசுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு பேசினார். செட் எதற்கு, ஜன்னலைத் திறந்திருந்தாலே போதும் என்று அந்தப் படகுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார்.

"என் தம்பி தேசி படகுக்குச் சொல்லுங்க. யாருக்குக் கேட்டாலும் சொல்லுங்க. என் நம்பருக்கு அடிக்க வேணாம். இந்த நம்பருக்கு அடி." கீழே நின்ற நான் கத்திய ஒவ்வொரு எண்ணையும் அவர் மூன்று மூன்று தரம் சொன்னார். "பேப்பர்காரன் போனு. நான் பக்கத்துலயே கீறேன். எடுக்காம வுட்டான்னா அவன நான் பாத்துக்கறேன்."

கொரகொரவென்று எங்கிருந்தோ ஒரு குரல், சொல்லிவிடுகிறோம் என்றது. தேசப்பனின் குரல் அல்ல.

அக்கா இறங்கி வந்தார். போனைக் கையில் வாங்கி, அதன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். ஒரு தரம் என்றார். ரெண்டு தரம் என்றார். மூன்றாவதைச் சொல்வதற்கு நேரம் பிடித்தது. பட்டனை அழுத்திப் பிடித்தார். திரை கறுத்தது. கேபிளைச் செருகினேன். ஒரு சத்தமும் இல்லாமல் பேட்டரி படம் மட்டும் வந்து, பச்சையாக ஏற ஆரம்பித்தது.

"ஆப்பானதும் வாய மூடிகினு துண்ணுது பாரு" என்றார். ஆனால் பார்வை என் போனில் இருந்தது. அது இப்போது என் கையில் இல்லை, அவர் கையில்.

முதலில் ஒலித்தபோது எடுத்தது அவர்தான். அழைத்தவர் என் செய்தி ஆசிரியர். முதல் பக்கத்துக்கு மீன் செய்தி எங்கே என்று கேட்டிருக்கிறார். "இது கரை போனு. ராத்திரி பேசு" என்று வைத்துவிட்டார். அடுத்தது தனிநபர் கடன் வேண்டுமா என்று ஒரு பெண். அவரிடம் அக்கா என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. ஆனால் அன்றிலிருந்து அந்த நிறுவனம் என்னை அழைத்ததில்லை. மூன்றாவதாக மறுபடியும் ஆசிரியர். மழை வலுத்தது. ஐஸ் டிப்போக்காரர் அக்காவின் தலைக்கு மேல் ஒரு தார்ப்பாயைப் பிடித்தார். அக்கா அதைப் போனின் மேல் பிடிக்கச் சொன்னார்.

நாற்பது நிமிடம் ஆனபோது, தெரியாத ஒரு எண். அக்கா போனை என்னிடம் நீட்டினார். ஏன் என்று புரியவில்லை. எடுத்தேன். இன்ஜின் சத்தம், காற்று, அதற்கு நடுவில் ஒரு ஆண்குரல்.

"யக்கா?"

"நான் பேப்பர் பேசறேன்."

"அக்கா இல்லியா?"

போனைப் பறித்துக்கொண்டார். "இங்கதான் கீறேன். எத்தினி பேர்டா?"

அந்தப் பக்கம் என்னவோ சொன்னார்கள்.

"எட்டும் கீதா? எண்ணிப் பாத்தியா? இன்னோரு தபா எண்ணு." காத்திருந்தார். "சரி. இன்னா மீனு? ஐஸ் சொல்லிட்டேன். மெதுவா வா, ஒண்ணியும் அவசரமில்ல." தம்பி எதையோ கேட்டிருக்க வேண்டும். "என் போனுக்கு ஒண்ணியும் இல்ல. சாப்ட்டுகினு கீது."

வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழை பெய்துகொண்டிருந்ததால், எதைத் துடைத்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பத்திரிகைக்காரன் உறுதியில்லாததை எழுதக் கூடாது.

இன்ஜின் நின்றுபோய் அதைச் சரிசெய்ய ஐந்து மணி நேரம் ஆகியிருக்கிறது. படகு இருட்டுவதற்கு முன் வந்து சேர்ந்தது. அக்கா தம்பியிடம் எதுவும் கேட்கவில்லை. எட்டுப் பேர் இறங்குவதையும் விரலை மடக்கி எண்ணினார், பிறகு மீனுக்குப் போய்விட்டார். மறுநாள் லென்ஸ் பாய் போனைப் பிரித்துக் கழுவிக் கொடுத்தார். உள்ளே கிடைத்த உப்பில் ஒரு வேளைக் குழம்பு வைத்திருக்கலாம் என்றார். பதினைந்து நாள் போன் ஒழுங்காக இருந்தது. பதினாறாம் நாள், கடல் காற்று தன் வேலையைச் செய்ய, கீழிருந்து ஒரு தரம், ரெண்டு தரம் என்று கேட்டது. வேறு போன் வாங்கித் தருகிறேன் என்று தேசப்பன் கெஞ்சினார். வேண்டாம் என்றுவிட்டார். அது தோற்றுப்போகிற வரைக்கும் விடுவதாக இல்லை.

அந்த மாதமே நான்கு படகுகளின் சுவரிலும் அக்காவின் எண்ணுக்குக் கீழே இன்னொரு எண்ணை எழுதினார்கள். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "பேப்பர்". என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

இப்போது நான் போரூர் பக்கம் குடியிருக்கிறேன். கடலும் இல்லை, உப்பும் இல்லை, என் போன் ஈரம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு போன் மாற்றிவிட்டேன், எண்ணை மாற்றவில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை, எந்த நேரமென்று இல்லை, தெரியாத எண்ணிலிருந்து இன்ஜின் சத்தத்தோடு ஒரு குரல் வருகிறது: "பேப்பரா? யக்கா போனு மறுபடி மொறண்டு புடிக்குது போல. டவர் வந்துடுச்சின்னு சொல்லிடு." ஐஸ் டிப்போவுக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.

சினிமா தியேட்டரிலாவது இதை அணைத்து வைக்கக் கூடாதா என்று என் மனைவி கேட்கிறார். இது கரை போன் என்று சொல்லிவிட்டேன்.